கடைசிப் பங்கில் கொத்தமல்லி இல்லை

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் நோராவுக்கு டாடி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, டியூட்டிக்கு நல்லபடியாகப் போய் வருவாய் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே எனக்கும் மம்மிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏன் என்று படித்துக்கொண்டு போனால் உனக்கே தெரியும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் மம்மி ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவள் அழ ஆரம்பிப்பாள், நீ அவளைச் சமாதானப்படுத்துவாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதுவும் இல்லாமல், போனில் பேசினால் விஷயத்தைக் கொஞ்சம் எனக்குச் சாதகமாக நெளித்துவிடுவேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம். எழுதினால் நெளிக்க முடியாது, கண்ணுக்கு எதிரே கிடக்கும். சீனிவாசராகவன் சாரின் மகன் ரோஹன் லீவு முடிந்து ஞாயிறு சாயங்காலம் டப்ளினுக்குத் திரும்புகிறான், மம்மி அவன் பெட்டியில் நார்த்தங்காய் ஊறுகாய் வைக்கிறாள், அதோடு இந்தக் கவரும் வரும். ஊறுகாயைத் திறக்கும் முன் இதைப் படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளை காலை பத்து மணிக்குக் கோயில் ஹாலில் நம்ம காய்கறிக் குரூப்பின் கூட்டம். நமக்குக் காய் விளைத்துத் தரும் முனிவெங்கடப்பாவிடம் இனிமேல் எதுவும் வாங்குவதில்லை என்று அதில் முடிவாகப் போகிறது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது இன்று காலையில் இருந்து எனக்கு நிச்சயமாகத் தெரியும். தப்பு யாருடையது என்றும் தெரியும். அதை எழுந்து நின்று சொன்னால் இந்தத் தெருவில் எனக்கு யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் நீ இங்கே இருந்தபோது ஏழு கடல் தாண்டித் தேடிப் பிடித்தது மாதிரி கொண்டுவந்து சேர்த்த அந்த மனிதரின் பிழைப்பு நாளையோடு போய்விடும்.

அனுஷா ஆஸ்பத்திரியில் இருப்பதை மம்மி சொல்லியிருப்பாள், எதனால் என்று முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். உன் கூடப் படித்தவள், நம்ம வீட்டில் இருந்து மூன்றாவது வீடு, இப்போது எட்டாம் மாதம். போன வாரம் திங்கட்கிழமை வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் எழுந்து நிற்க முடியாமல் போனது, அவள் புருஷன் அருண்குமார் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டு ஓடினான். உடம்பில் தண்ணீர் வற்றி வலி முன்னதாகவே வந்துவிட்டதாம், மருந்து கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பு. நீ நர்ஸ், இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எங்களைவிட உனக்குத் தெரியும். அவள் மட்டும் இல்லை, நம்ம குரூப்பில் ஒன்பது வீட்டில் அந்த வாரம் வயிறு கெட்டது. மற்றவர்கள் கஞ்சியும் உப்புக் கரைசலும் குடித்து எழுந்துவிட்டார்கள். நானும் மம்மியும் நன்றாகத்தான் இருந்தோம். இருந்த காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீ போன பிறகு குரூப் நன்றாகத்தான் நடந்துவந்தது. கொரோனா சமயத்தில் பன்னிரண்டு வீட்டோடு நீ ஆரம்பித்தது இப்போது நாற்பத்து மூன்று வீடு. தெருவில் இன்னும் இதை நோரா குரூப் என்றுதான் சொல்கிறார்கள், செயலாளர் சீனிவாசராகவன் சாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். புதன்கிழமைக்குள் யார் யாருக்கு எவ்வளவு என்று மம்மியின் போனுக்குச் சொல்லிவிடுவார்கள், சனிக்கிழமை விடிந்ததும் முனிவெங்கடப்பாவின் டெம்போ ஹால் வாசலில் வந்து நிற்கும், தள்ளுவண்டி விலையைவிடக் குறைவாக, அன்று காலையில் பறித்த காய். நீ போட்ட சட்டம் எதையும் நான் மாற்றவில்லை. யாரும் பொறுக்கி எடுக்கக் கூடாது, இரண்டு மாதம் முன்பே என்ன விதைப்பது என்று நாம் அவரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் விதைத்ததை நாம் வாங்கியாக வேண்டும், பங்கு போடுகிறவனுக்குக் கடைசிப் பங்கு. பங்கு போடுகிறவன் நான். ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்து ரிஜெக்ட் தியோடர் என்று பேர் வாங்கியவன், ரிட்டையரான பிறகு கத்திரிக்காயை ரிஜெக்ட் செய்துகொண்டிருக்கிறான் என்று மம்மி கேலி செய்வாள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தராசுக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கு வயசு குறைந்துவிடும்.

ஹாலுக்கு முன்னால் ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று தோண்டினவனுக்கே தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை அந்தப் பள்ளத்தால் டெம்போ உள்ளே வர முடியாமல் கிரேட்டுகளைத் தெருமுனையில் இருந்து தூக்கிவர நேரமாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. கீரையும் கொத்தமல்லியும் புதினாவும் தலை சாய ஆரம்பித்தன. எப்போதும் ஹால் குழாயில் வரும் போர் தண்ணீரைத்தான் தெளிப்பேன், அன்று மோட்டார் ரிப்பேர், குழாயில் சொட்டு இல்லை. வாசல் ஓரத்தில் தரைக்குள் சம்ப் தொட்டி இருக்கிறதே, அதன் மூடியைத் தூக்கி வாளியை விட்டேன். ஹாலைக் கூட்டும் பாஞ்சாலி விளக்குமாற்றோடு ஓடி வந்து, "சார், அந்தத் தண்ணி வேணாம் சார், ரோடு தோண்டுனதுல இருந்து ஒரு மாதிரி நாத்தம் வருது" என்றாள். எனக்கும் மூக்கு இருக்கிறது நோரா. வாளி மேலே வந்தபோது எனக்கும் அந்த வாடை வந்தது. ஆனால் வெளியே நாற்பது பேர் பையோடு நிற்கிறார்கள், கொத்தமல்லி வாடுகிறது, போதாததற்கு ஒருத்தி எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். "தெளிக்கத்தானே எடுக்கிறேன், குடிக்கவா போறோம், நீ உன் வேலையப் பாரு" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். கையால் அள்ளி அள்ளித் தெளித்தேன். சாக்கை நனைத்து மேலே மூடினேன். கொத்தமல்லி கால் மணி நேரத்தில் எழுந்து நின்றது, பார்க்க அழகாக இருந்தது. அனுஷா தன் பங்கை வாங்கும்போது கட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, அங்கிள், இன்னிக்கு கொத்தமல்லி சட்னிதான் என்று சிரித்துவிட்டுப் போனாள். கூட்டம் அதிகம், கொத்தமல்லி தீர்ந்துவிட்டது. கடைசிப் பங்கு எனக்கு. அதில் பீன்ஸும் ஒரு பூசணித் துண்டும்தான் இருந்தன.

அப்புறம் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். ஒன்பது வீட்டிலும் விசாரித்தால் எல்லோரும் பச்சையாக எதையோ சாப்பிட்டிருந்தார்கள். சட்னி, கோசம்பரி, மோரில் கிள்ளிப்போட்ட கொத்தமல்லி. வேகவைத்துத் தின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான், வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதினேன், பெருமையாகத்தான் எழுதினேன். காய் எங்கிருந்து வந்தது, முனிவெங்கடப்பாவிடம் இருந்து. அவர் ஊர்ப் பக்கம் ஏரித் தண்ணீர் கெட்டுக் கிடக்கிறது என்று யாரோ பேப்பரில் படித்திருந்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் பொருந்திவிட்டது. தெளித்த தண்ணீர் என் ஞாபகத்துக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் செய்ததில் மட்டுமே குறை தேடினவன் கண் அப்படித்தான் போகும்போல.

போன சனிக்கிழமை அவர் வழக்கம்போல் டெம்போவோடு வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கிரேட்டை இறக்க விடாமல் தடுத்து, எல்லோருக்கும் முன்னால் நான் விசாரணை நடத்தினேன். ஏரித் தண்ணீர் பாய்ச்சினீர்களா என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்தார். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து வந்தார். "ஸ்வாமி, இது நம்ம போர்வெல் நீரு. இதத்தான் தோட்டத்துக்கு விடறது. இதத்தான் என் பேத்தி குடிக்கிறது" என்று சொல்லி, அண்ணாந்து பாதி பாட்டிலைக் குடித்தார். அதோடு நிற்காமல் கிரேட்டில் இருந்து ஒரு பிடி கொத்தமல்லியை எடுத்துக் கழுவாமல் வாயில் போட்டு மென்றார். தாடையில் பச்சைச் சாறு வழிந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "குடிச்சிக் காட்டுறதெல்லாம் டெஸ்ட் ஆகாதுங்க முனிவெங்கடப்பா" என்றேன். சிலர் தலையாட்டினார்கள். அருண்குமார், இந்த ஆளு இன்னொரு தடவை இந்தத் தெருவுக்குள்ள வரக் கூடாது என்று கத்தினான், அவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முனிவெங்கடப்பா வண்டியில் ஏறினார். நிறைந்த கிரேட்டோடு டெம்போவைப் பின்னாலேயே எடுத்து, பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறி, போய்விட்டார். பாஞ்சாலி கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் புதன்கிழமை நிருபமா போன் செய்தாள், தொம்மலூர் குரூப்பை நடத்துகிறாளே, உன் சிநேகிதி. முனிவெங்கடப்பா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார், உங்கள் பக்கம் ஏதாவது தகராறா என்று கேட்டாள். நான் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, அதே சனிக்கிழமை அதே டெம்போவில் இருந்துதானே அங்கிள், அவர் எங்களுக்கும் கொத்தமல்லி இறக்கினார், எங்கள் ஐம்பது வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லையே என்றாள். போனை வைத்துவிட்டு நான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரே தோட்டம், ஒரே வண்டி, ஒரே காலை. அங்கே ஒன்றும் இல்லை, இங்கே ஒன்பது வீடு. நடுவில் என்ன வித்தியாசம் என்று செக்ஷனில் பையன்களைக் கேட்பேனே, அதே கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். வாளி ஞாபகம் வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

நேரே ஹாலுக்குப் போனேன். பாஞ்சாலி படி கழுவிக்கொண்டிருந்தாள். சம்ப் தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்றேன். கையில் இருந்த வாளியை வைத்துவிட்டு மூடியைத் தூக்கினாள். வாடை அன்றைக்கு மாதிரியே இருந்தது. அப்புறம் உள்ளே போய், விளக்குமாறு வைக்கும் அலமாரியில் இருந்து முனிவெங்கடப்பா குடித்து மீதி வைத்துப்போன பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தாள். "யாராவது கேப்பாங்கன்னு எடுத்து வெச்சேன் சார்" என்றாள். அன்றைக்கே எல்லோருக்கும் முன்னால் ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்" என்றாள், குரலில் கோபம்கூட இல்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் சோதிக்கிற மருந்து பாட்டில் உனக்குத் தெரிந்ததுதான், நீ இங்கே இருந்தபோது வாங்கிவந்து காட்டியிருக்கிறாய், கெட்ட தண்ணீர் என்றால் ஒன்றரை நாளில் கறுத்துவிடும். இரண்டு வாங்கி ஒன்றில் சம்ப் தண்ணீரும் ஒன்றில் அவர் தண்ணீரும் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். அவருடையது நாலு நாள் பழசு, எங்கள் செக்ஷனில் அப்படி ஒரு சாம்பிளை நான் உள்ளேயே விட்டிருக்க மாட்டேன், இருந்தாலும் வைத்தேன். இன்று காலை எழுந்து பார்த்தால் ஒன்று வைத்தபடியே இருக்கிறது. இன்னொன்று தார் மாதிரி கறுத்துவிட்டது. இதை எழுதும்போது இரண்டும் என் எதிரில்தான் இருக்கின்றன. தோண்டினபோது சாக்கடைக் குழாய் உடைந்து சம்புக்கு வரும் லைனில் கலந்திருக்கிறது, அதைச் சரி செய்ய ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது, சம்புக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது.

மம்மியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஸ்டவ்வை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அனுஷாவுக்குப் பிரசவம் முடியட்டும், இப்போது சொல்லி அருண்குமார் ஏதாவது செய்துவிட்டால், அவள் காதுக்குப் போய் மறுபடியும் வலி வந்துவிட்டால் என்று பயப்படுகிறாள். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதுதான் ஆபத்து, அந்த நியாயத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன். இன்னொரு வழியும் என் மண்டையில் ஓடிற்று. ஹால் தண்ணீர் கெட்டது என்று மட்டும் சொல்லலாம், பாட்டிலைக் காட்டலாம், கண்டுபிடித்ததற்கு எல்லோரும் என்னைப் பாராட்டவும் பாராட்டுவார்கள். யார் மொண்டது, யார் தெளித்தது, யார் தடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி நினைத்ததை உன்னிடம் மறைக்கவில்லை. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது சுலபம் நோரா, அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், அருண்குமாரின் முகத்தையும் நான் பார்க்க வேண்டியதில்லை. அவன் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நம்ம வீட்டு வாசலில் நின்று, அங்கிள், உங்களாலதான் அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுது என்று சொல்லிவிட்டுப் போகிறான். நேற்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கை கூசியது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், அல்லது எழுத முகம் இல்லாமல் இதையே ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகும் முன்

சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை மம்மி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருந்தாள். கூட வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அருண்குமார் ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்து நாற்காலி. சீனிவாசராகவன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார். முனிவெங்கடப்பா என்ற பெயர் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். இரண்டு பாட்டிலையும் மேஜை மேல் வைத்தேன், எது எந்தத் தண்ணீர் என்று சொன்னேன், தொம்மலூரில் ஒன்றும் இல்லாததைச் சொன்னேன். ஹாலில் முணுமுணுப்பு. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், நாக்கு நிறுத்தவும் பார்த்தது. பாஞ்சாலி கதவோரத்தில் அதே இடத்தில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னேன், சம்பில் இருந்து நான் மொண்டேன், நான்தான் தெளித்தேன், வேண்டாம் என்று பாஞ்சாலி தடுத்தாள், நான் அவளை அதட்டினேன். சீனிவாசராகவன் சார் நல்ல மனசோடு, வயசான காலத்தில் தெரியாமல் நடந்தது, யாருக்கும் நடக்கலாம் என்று ஆரம்பித்தார். அதற்குள் அருண்குமார் எழுந்துவிட்டான். அடிக்க வருகிறான் என்று நினைத்தேன், வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"அங்கிள், பாஞ்சாலியக்கா சொன்னப்போ, அந்த நாத்தம் உங்களுக்கும் வந்துச்சா?"

வந்துச்சு என்றேன். அவன் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இத்தனை வருஷத்தில் எனக்கு இவ்வளவு நீளமாக ஹால் தெரிந்தது இல்லை. கூட்டத்தில் தீர்மானத்தைக் கைவிட்டார்கள். தராசை நானே பாஞ்சாலியின் கையில் கொடுத்தேன், அவள் தயங்கினாள், மம்மிதான் வாங்கிக்கொள் என்றாள். இனிமேல் தெளிக்கும் தண்ணீரும் அவள் சொல்லும் தண்ணீர்தான். முனிவெங்கடப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்துவருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள், சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

ஹொசகோட்டே வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, அப்புறம் வெயிலில் நடை. போனை அவர் எடுக்காததால் சொல்லாமல்தான் போனேன். அவர் கொத்தமல்லிப் பாத்தியில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் நாம் வாங்காததால் எல்லாம் பூத்துவிட்டது, வெள்ளை வெள்ளையாக, இனி அது மாட்டுக்குத்தான். நம்ம பேச்சை நம்பி விதைத்த பீன்ஸை மண்டியில் கேட்ட விலைக்குத் தள்ளியிருக்கிறார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. நான் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஹாலில் சொன்னதை அப்படியே. அவர் பிடுங்கிக்கொண்டே இருந்தார். முடித்து, மன்னித்துக்கொள்ளுங்கள், திரும்ப வாருங்கள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார். பக்கத்து நிலம் முழுக்க ரோஜா வளர்க்கும் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டானாம், இதையும் பத்து வருஷக் குத்தகைக்குக் கேட்கிறானாம், வியாழக்கிழமை பத்திரத்தோடு வருகிறான். காய் போட்டு எல்லார் முன்னாடியும் நிற்க வேண்டாம், ரோஜாவை யாரும் தின்ன மாட்டார்கள் என்றார். நான் என்னவோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஸ்வாமி, நான் நம்பி வெதச்சது உங்கள இல்ல, அந்த நர்ஸ் அம்மாவ. அவங்களுக்கு இது தெரியுமா?"

இன்னும் இல்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மொதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க, அவங்க எனக்குப் போன் பண்ணட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். எனக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது, கேட்க வாய் வரவில்லை. அவருடைய பேத்திதான் ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

ஆக, நோரா, இது இப்போது உன் கையில் வந்து நிற்கிறது. ரோஹன் திங்கட்கிழமை இதை உன்னிடம் கொடுத்துவிடுவான், வியாழக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. அவர் நம்பர் உன்னிடம் பழையதுதான் இருக்கும், மாறவில்லை, மதியம் சாப்பிட வரும்போது மட்டும்தான் எடுப்பார், நம்ம மதியம், உனக்கு அது காலை. போன் செய் என்று நான் சொல்ல மாட்டேன். நீ செய்தால் எனக்காகப் பரிந்து பேசாதே. டாடிக்கு வயசாகிவிட்டது, தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லாதே, எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தராசு என் கையில் இல்லை, பாஞ்சாலியிடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல். அதற்குமேல் அவருக்கு என்ன சொல்வது என்று நீயே முடிவு செய். என்னிடம் என்ன சொல்வது என்றும் முடிவு செய், கோபமாக இருந்தாலும் சொல், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை அருண்குமாரிடம் இருந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், அதற்குமேல் எனக்குத் தாங்காது.

அனுஷா நேற்றுச் சாயங்காலம் மம்மியிடம் பேசினாள். அருண்குமார் அவளிடம் சொல்லிவிட்டான். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம், இன்னும் இரண்டு வாரம் தள்ளினால் போதும் என்கிறார்களாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் மம்மி. பூசையில் அந்தக் குழந்தைக்காகத்தான் வேண்டப் போகிறேன், நீயும் வேண்டிக்கொள்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். குளிரில் தலை காயாமல் வெளியே போகாதே, பட்டினியோடு டியூட்டிக்குப் போகாதே. அங்கே கடையில் வாங்கும் கீரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் நன்றாகக் கழுவிச் சாப்பிடு. வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

நாற்றம் தெரிந்தும் தெளித்த
உன் டாடி,
தியோடர்